தனியாக மலை நடந்து, டென்டில் தங்க: கொங்கு நாட்டில் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தூரம் நடப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. மூன்று நாள், நான்கு நாள் நடந்து, உள்ளங்கால் கொப்பளித்து, வழியில் முன்பின் தெரியாதவர் ஊற்றிக் கொடுத்த மோரைக் குடித்து, பந்தலில் படுத்து எழுந்து போய்ச் சேர்ந்திருப்பார்கள். இப்போது இளைஞர்கள் பலர் கேட்பது வேறு வகை நடை. முதுகில் ஒரு பை, அதற்குள் டென்ட், அரிசி, தண்ணீர். கூட யாரும் கிடையாது. மலை மேல் மூன்று நான்கு நாள்.

நான் இதைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். பழனி நடையில் உங்களைச் சுற்றி ஆயிரம் பேர் இருப்பார்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் பின்னால் வருபவர் தூக்குவார், வழி தப்பினால் முன்னால் போகிறவரின் முதுகு தெரியும். தனி நடையில் அந்த ஆயிரம் பேர் செய்கிற வேலையை நீங்கள் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்தாக வேண்டும். தனியாகப் போகிறவருக்குத்தான் மனிதர்கள் அதிகம் தேவை. கீழே சொல்வதில் பாதி அந்த ஏற்பாடுதான்.

முதலில் சட்டம்

காணொளிகளில் பார்க்கிற மாதிரி நினைத்த இடத்தில் டென்ட் அடிப்பது இங்கே முடியாது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பெரும்பாலான திறந்த நிலங்களில் நடக்கவும் இரவு தங்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. நார்வேயிலும் 1957 முதல் அப்படி ஒரு சட்டம் உண்டு. வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சத்தியமங்கலம், ஆனைமலை இரண்டுமே புலிகள் காப்பகங்கள். திம்பம் மலைப்பாதையில் இரவில் வண்டிகளுக்கே தடை இருக்கிறது. அங்கே ஒரு ஆள் டென்டுக்குள் படுத்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அவர்களில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து நடக்கும்படி திறந்தது. ஒவ்வொன்றிலும் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். தீப்பிடிக்கும் மாதங்களில் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள், மூடும்போது வாதாடாதீர்கள். காட்டுக்குள் நடக்க ஆசையா, இந்த வழியில் போங்கள். அங்கே தனிமை கிடைக்காதுதான். ஆனால் யானைத் தடத்தைச் சாணத்தின் ஈரம் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவரோடு ஒரு பகல் நடப்பதில், தனியாகப் பத்துத் தடவை போனாலும் கிடைக்காத பாடம் இருக்கிறது.

அப்படியானால் டென்ட் எங்கே அடிப்பது? பட்டா நிலத்தில், உடையவரின் சம்மதத்தோடு. காட்டில் கிடைக்காத உரிமை, ஒரு தோட்டத்துக்காரரிடம் வாய் திறந்து கேட்டால் கிடைக்கும். கொங்கு நாட்டு மலைகளில் ஊர்களும் தோட்டங்களும் நிறைந்த மலைகள் உண்டு. தொடங்குபவருக்கு ஏற்றவை அவைதாம்.

கால் பழகட்டும்

மலைக்குப் போகும் முன் இரண்டு மாதம் சமதரையில் நடங்கள். இதற்கு வாய்க்கால் கரையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பவானிசாகரிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. கரையில் பல இடங்களில் வண்டித்தடம் உண்டு, நிழல் உண்டு, சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வரும், பஸ் வரும். முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போய்விடலாம். காளிங்கராயன் வாய்க்கால் இன்னும் பழையது, 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானியிலிருந்து ஈரோட்டைத் தாண்டி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முதல் வாரம் வெறும் கையோடு 8 கிலோமீட்டர், அடுத்து 12, பிறகு பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு 12. இரண்டாம் மாத முடிவில் 8 கிலோ சுமையோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 15 கிலோமீட்டர் நடக்க முடிய வேண்டும். இரண்டாம் நாள்தான் உண்மையான பரீட்சை. முதல் நாள் யாரும் நடந்துவிடுவார்கள்.

ஏற்றத்துக்குப் படிகள். சென்னிமலையில் 1320 படி. வாரம் ஒரு முறை, வெள்ளென, பையோடு. ஏறுவதை விட இறங்குவதைக் கவனியுங்கள். முட்டி பேசுவது இறங்கும்போதுதான். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, சின்ன எட்டாக, கையில் ஒரு தடியோடு இறங்கப் பழகுங்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் யாரும் ஏறுவதில்லையே, அந்தத் தடி முட்டிக்குத் தருகிற உதவி பெரிது. வெள்ளியங்கிரியே ஒரு நல்ல பயிற்சி மலைதான். மாசி முதல் வைகாசி வரை வனத்துறை அனுமதிக்கிற நாட்களில் மட்டும் ஏறலாம். ஏழு மலை, ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் அளவு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். அந்த ஏற்றத்தில் மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு.

கொப்பளம் பற்றி ஒரு வார்த்தை. கொப்பளம் வந்த பிறகு மருந்து தேடுவது தாமதம். தோல் சூடாக உரசுகிறது என்று தோன்றிய உடனே நின்று, செருப்பையோ ஷூவையோ கழற்றி, காலைக் காற்றாட விட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். அஞ்சு நிமிடம் நிற்கச் சோம்பல்பட்டு மூன்று நாள் நொண்டியவர்கள் நிறையப் பேர். புது ஷூவை மலையில் பழக்கவே கூடாது.

பை

எல்லாம் சேர்த்து உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. தண்ணீரும் சோறும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு ஆள் டென்ட் 2 கிலோவுக்குள் வாங்குங்கள். மழை மறைப்பு தனியாக உள்ள இரட்டைத் துணி டென்ட்தான் வேண்டும். ஒற்றைத் துணி என்றால் உங்கள் மூச்சின் ஈரமே விடியற்காலையில் உங்கள் மேல் சொட்டும்.

உயரம் 1000 மீட்டர் கூடினால் குளிர் 6 டிகிரி அளவு கூடும். மார்கழியில் நாமக்கல்லில் ஒரு போர்வை போதும். மேலே கொல்லிமலையில் அதே இரவு 15 டிகிரிக்குக் கீழே போகும், காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக் எடுத்துக்கொள்ளுங்கள். பவானி ஜமுக்காளத்தைக் கீழே விரிக்கலாமே என்று வீட்டில் சொல்வார்கள். வீட்டுத் திண்ணைக்கு அதைப் போல வராது. பையில் கனம், நனைந்தால் காயாது. அடியில் விரிக்க ஃபோம் மேட்தான் சரி. குளிர் மேலிருந்து வருவதை விடத் தரையிலிருந்து அதிகம் ஏறும்.

மற்றவை சுருக்கமாக: நெற்றியில் கட்டும் டார்ச், மாற்று பேட்டரி, விசில், கத்தி, தீப்பெட்டி, மழைக்கோட்டு, ஒரு ஜோடி காய்ந்த துணியும் காலுறையும் பிளாஸ்டிக் உறைக்குள் (அவை படுப்பதற்கு மட்டும்), ஓஆர்எஸ் பொட்டலம், வழக்கமான மருந்துகள், ஆதார் நகல். மூன்று முறை விசில் ஊதினால் உதவி கேட்கிறீர்கள் என்று பொருள். இதை உங்களுக்கு இடம் தருகிற வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் சாட்டிலைட் போன் வாங்கச் சொல்வார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே உங்களை வழக்கில் மாட்டிவிடும். வேண்டாம்.

சோறு, தண்ணீர்

அரிசியும் பருப்பும் தெரியாத கொங்கு வீடு இல்லை. மலைக்கு அதை விடப் பொருத்தமான சோறு எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, வடிக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே அரிசி, துவரம்பருப்பு, சீரகம், மிளகு, மஞ்சள், உப்பு, காய்ந்த மிளகாய், உரித்த பூண்டு எல்லாவற்றையும் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். ஒரு பொட்டலம் 150 கிராம். அரை மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் எரிபொருள் மிச்சம். கடைசியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். காலையில் அவலும் நாட்டுச் சர்க்கரையும். நடக்கும்போது நிலக்கடலை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய். பசி வரும் முன் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றபடி போக வேண்டும்.

சமைப்பது தோட்டத்துக்காரர் காட்டும் இடத்தில் மட்டும். மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும். அப்போது வெளியில் அடுப்பே வேண்டாம். புளிச்சாதமும் அவலும் போதும்.

தண்ணீர் எப்போதும் 3 லிட்டர் முதுகில் இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் பளிங்கு போல இருந்தாலும் கொதிக்கவைத்தோ குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைத்தோதான் குடிக்க வேண்டும். ஆனால் மிளகு, காபி, குச்சிக்கிழங்குக் காடுகளுக்குக் கீழே ஓடி வரும் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். கொதிக்கவைத்தாலும் மாத்திரை போட்டாலும் அது போகாது. வீட்டில் கேட்டு வாங்குவதே நல்லது. அப்படிக் கேட்கிற ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் யார், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தெரிந்தவர் ஒருவர் கூடுகிறார். அதையும் மறக்காதீர்கள்.

முதல் மலை: கொல்லிமலை

முதல் மூன்று நாள் நடைக்கு நான் கொல்லிமலையைச் சொல்வேன். காரணம் மூன்று. மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் பரந்த சமவெளி. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாக ஊர்கள். எங்கே போனாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு வீடு தென்படும். முக்கியமாக, அங்கே யானை இல்லை. கரடி பற்றிய பேச்சு உண்டு. அதனால் காட்டோரத்தில் அந்தி சாய்ந்த பின் நடக்கக் கூடாது.

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் நடக்காதீர்கள், வளைவில் திரும்பும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பஸ்ஸில் ஏறிச் சோளக்காட்டில் இறங்கி, சந்தையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள். முதல் நாள் செம்மேடு வழியாக ஊர்ச் சாலைகளிலேயே நடந்து, மாலை 4 மணிக்குள் தங்குமிடம். இரண்டாம் நாள் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், பிறகு அத்தனையும் ஏற வேண்டும். பையைக் கோயில் பக்கத்தில் கடையில் கேட்டு வைத்துவிட்டுப் போங்கள். மூன்றாம் நாள் வேறு ஊர்கள் வழியாகத் திரும்பி பஸ் ஏறுங்கள்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன முறை இன்றும் உதவும்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். சுமையோடு நம் வெயிலில் 5-ஐ 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றும் ஒன்றும் நான்கு மணி நேரம், ஓய்வு தனி. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை இணையத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். போனிலும் இணையம் இல்லாமல் ஓடும் வரைபடச் செயலி ஒன்றை வைத்து, போனை ஃபிளைட் மோடில் போட்டால் பேட்டரி இரண்டு நாள் வரும்.

மார்கழி, தை இரண்டும் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் பிற்பகலில் இடி கட்டும். அந்த மாதங்களில் போனால் மதியத்துக்குள் மேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடியும் தனித் தென்னையும் இடி நேரத்தில் ஆகாத இடங்கள்.

இடம் கேட்பது

பொழுது சாயும் முன் கேளுங்கள். இருட்டிய பின் பையோடு வந்து நிற்கும் ஆளை யாரும் நம்ப மாட்டார்கள், நம்ப வேண்டியதும் இல்லை. வேலிப் படலைத் திறந்து உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று குரல் கொடுங்கள். "ஏனுங்க, வீட்ல யாருங்க? நான் சென்னிமலைப் பக்கமிருந்து வர்றேனுங்க, நடந்து போயிட்டிருக்கறேன். இன்னைக்கு ராத்திரி உங்க களத்துல ஒரு ஓரமா டென்ட் போட்டுக்கலாங்களா? வெடிஞ்சதும் கெளம்பிருவேனுங்க." ஊர் பேரைச் சொல்லுங்கள், வேலையைச் சொல்லுங்கள், ஆதாரைக் காட்டுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். சரி என்றால் எங்கே போட வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் வருடம், சித்திரை மாதம், மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் சம்மதம் வாங்கிய பின் நானே இடம் தேடிப் பள்ளத்து மணலில் டென்ட் அடித்தேன். மணல் மெத்தை போல இருந்தது, வானத்தில் நட்சத்திரம். ஆடு ஓட்டி வந்த ஒரு அப்பத்தா நின்று பார்த்துவிட்டு, "கண்ணு, மேக்க மின்னுது பாரு. பள்ளத்துல படுக்காத, மேட்டுக்கு எந்திரிச்சு வா" என்றார். எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் அவர் நகராமல் நின்றதால் பிடுங்கி எடுத்துக்கொண்டு களத்து மேட்டுக்குப் போனேன். எங்களுக்கு ஒரு துளி மழை இல்லை. இரவு 2 மணிக்குப் பள்ளத்தில் தண்ணீர் இரைச்சல் கேட்டது. மேலே எங்கோ பெய்த மழை முட்டியளவுக்கு மேல் ஓடியது. அன்றிலிருந்து இடத்தை நான் முடிவு செய்வதில்லை. அந்த மண்ணில் இருப்பவர்தான் முடிவு செய்வார்.

பெண்கள் தனியாகப் போவதாக இருந்தால், வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்து அவர்களிடமே பேசுங்கள். களத்தை விடத் திண்ணையோ வீட்டு முற்றமோ நல்லது. மனதுக்கு ஒப்பவில்லை என்றால் காரணம் தேட வேண்டாம். கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். அதனால்தான் மாலை 4 மணி என்றேன். 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி) இரண்டையும் போனில் வைத்திருங்கள்.

காலையில் கிளம்பும்போது இடத்தைப் பெருக்கிவிட்டுப் போங்கள். காசு கொடுத்தால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அவர்களிடம் பழமோ மிளகோ விற்கக் கிடைத்தால் விலை பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மலம் கழிக்க நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள்.

உண்மையான ஆபத்துகள்

புதியவர்கள் சிறுத்தைக்குப் பயப்படுவார்கள். நான் பயப்படுவது மின்வேலிக்கு. காட்டுப் பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விடுகிறார்கள். சோலார் வேலி சுரீர் என்று அடித்து விட்டுவிடும். இந்தத் திருட்டு மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும். அதனால் இருட்டில் எந்தத் தோட்டத்தையும் குறுக்கே கடக்காதீர்கள், தாழ்வான கம்பி எதையும் தொடாதீர்கள். இரவில் ஒதுங்கப் போக வேண்டிய பக்கத்தையும் வெளிச்சம் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்தது நாய். ஓடாதீர்கள். நின்று, தடியைத் தரையில் ஊன்றி, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நடை அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். கடித்த உறுப்பை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஷூவைக் காலையில் உதறிவிட்டுப் போடுவதும், இரவு டார்ச் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காததும் இதற்கு முன்மருந்து. ஏற்காட்டுப் பக்கம் நடந்தால் காட்டெருமையைக் காணலாம். சாந்தமாக நிற்கிறதே என்று படம் எடுக்க நெருங்காதீர்கள், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள்.

வீட்டுக்கு ஒரு தாள்

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நாள் எந்த ஊர், எந்தப் பாதை, பையின் நிறம், டென்டின் நிறம், ரத்த வகை, எத்தனை மணிக்குப் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து யாரைக் கூப்பிட வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி மலைக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம். கொல்லிமலையில் சில மடிப்புகளில் சிக்னல் கிடைக்காது. ஆகவே "இரவு 8 மணி வரை போன் வராவிட்டால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலை 10 மணி வரை வராவிட்டால் 112" என்று தெளிவாக எழுதுங்கள். பாதையை மாற்றினால் மாற்றியதைச் சொல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட நடக்காதீர்கள். தங்கிய வீட்டாரிடமும் அடுத்து எந்த ஊர் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மலை ஊரில் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

திரும்பி வந்ததும் அந்த இருவருக்கும் முதலில் போன். டென்டை அன்றே மொட்டை மாடியில் காயப்போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துத் துணி வீணாகும். குளிக்கும்போது அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். புதர்ப்புல்லில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் நம் மாநிலத்தில் பரவலாக உண்டு, குளிர் மாதங்களில் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வெறும் மாத்திரை போட்டுப் படுக்காமல் மருத்துவரிடம் போய், "மலையில் புல்லில் படுத்திருந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சரியான மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் சில நாளில் இறங்கிவிடும் காய்ச்சல் அது.